பசுமை அரசின்மைவாதத்துக்குள் என்ன சண்டை? – யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகரிக எதிர்ப்பு, தனிமனிதவாதம் என்ற இரண்டு சொற்களும் எங்கள் வாசிப்பு வட்டங்களில் வந்து விழும்போதெல்லாம் ஒரே கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. நேரம் இல்லாதவர்கள் துலாவை (கிணற்று ஏற்றத்தை)ப் பற்றிய கேள்வியை மட்டும் படித்தாலும் சண்டையின் சாரம் பிடிபடும்.

அராஜகம் எண்டால் வாள்வெட்டும் அடிதடியும்தானே?

பேப்பரில் அப்படித்தான் வரும். சொல்லின் நேர்ப்பொருள் அரசன் இல்லாமை. குழு மோதலுக்கெல்லாம் அதையே தலைப்பாகப் போட்டுப் போட்டு அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. அதனால் இங்கே 'அரசின்மைவாதம்' என்று எழுதுகிறோம். ஆக்கள் தாங்களே கூடி, தாங்களே முடிவெடுத்து வாழலாம், மேலே ஒருவர் இருந்து கட்டளையிடத் தேவையில்லை என்பது அதன் அடிப்படை. மனிதன் மனிதனை ஆள்வதும் மனிதன் மண்ணை ஆள்வதும் ஒரே முடிச்சு என்று நினைப்பவர்கள் பசுமை அரசின்மைவாதிகள். அந்த முடிச்சு எங்கே விழுந்தது, அதை யார் அவிழ்ப்பது என்ற இரண்டிலும் அவர்கள் பிரிகிறார்கள். முதற் கேள்வியில் நாகரிக எதிர்ப்பு வருகிறது, இரண்டாவதில் தனிமனிதவாதம்.

இது நேற்று முளைத்ததும் அல்ல. புவியியலாளர் எலிசே ரெக்லு (1830–1905), பரஸ்பர உதவியைப் பற்றி 1902 இல் நூலெழுதிய பீற்றர் குரொபொட்கின் ஆகியோரிடம் பசுமை வேர் இருக்கிறது. 1890களிலேயே பாரிசில் எமில் கிரவெல், ஹென்றி சிஸ்லி போன்றவர்கள் தங்களை 'இயற்கையர்' என்று அழைத்துக்கொண்டு, நாகரிகமே நோய் என்று எழுதினார்கள்.

நாகரிகத்தை எதிர்க்கிறதெண்டால் மரியாதை, பண்பாட்டையோ?

இல்லை. தமிழில் இந்தச் சொல் இரண்டு சுமை சுமக்கிறது. குறள் சொல்லும் நாகரிகம் கண்ணோட்டம், அதாவது முகம் முறியாத இரக்கம். அதை யாரும் எதிர்க்கவில்லை. இங்கே பேசப்படுவது தொல்லியலாளர் சொல்லும் நாகரிகம்: நகரம், களஞ்சியம், வரி, படை, வேலைப்பிரிவினை.

இதில் கோட்டை எங்கே கீறுவது என்பதில் நாகரிக எதிர்ப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. பிரெடி பேர்ல்மன் 1983 இல் அரசையும் படையையும் மனிதர்களை விழுங்கி ஓடும் ஒரு இயந்திர விலங்காகக் காட்டினார். அவருக்கு எதிரி அந்த விலங்கு. ஜோன் சேர்சான் இன்னும் பின்னால் போகிறார். பயிரையும் விலங்கையும் பழக்கி வளர்த்ததிலேயே பிசகு தொடங்கியது, அதற்கும் முன்னால் எண், மணிக்கூட்டு நேரம், மொழி ஆகிய குறியீடுகளே மனிதரை உலகிலிருந்து பிரித்தன என்பது அவர் வாதம். மொழியைப் பற்றிய பகுதி எங்களுக்கு ஏறவில்லை. மொழியில்லாத மனிதக் கூட்டம் எதையும் யாரும் கண்டதில்லை, எனவே அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

தானியத்தைப் பற்றிய வாதம் வேறு மாதிரி, அது வலுவானது. அரசறிவியலாளர் ஜேம்ஸ் ஸ்கொட் 2017 இல் இதை விரித்து எழுதினார். நெல்லோ கோதுமையோ ஒரே காலத்தில் விளையும், மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும், அளக்கலாம், காயவைத்துச் சேர்க்கலாம். வரிக்காரனுக்கு அறுவடை நாள் தெரிந்தால் போதும். மரவள்ளிக்கு அப்படி வரிபோட முடியாது. அது மண்ணுக்குள் கிடக்கும், வேண்டிய நேரத்தில் கிண்டலாம். ஆரம்பகால அரசுகள் கிழங்கின் மேல் எழாமல் தானியத்தின் மேல் எழுந்ததற்கு அவர் சொல்லும் காரணம் இதுதான்.

அப்ப எல்லாத்தையும் விட்டிட்டுக் காட்டுக்குப் போகச் சொல்லுறியளோ?

எந்தக் காட்டுக்கு? யாழ் மாவட்டம் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பில் 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். வேட்டையாடி, கிழங்கெடுத்து வாழும் கூட்டங்கள் பெரும்பாலும் சதுர கிலோமீற்றருக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருந்தன. இந்தக் கணக்கை ஆதிநிலைவாதிகள், அதாவது வேட்டையாடி உணவு தேடிய பழைய வாழ்க்கையை மாதிரியாக வைப்பவர்கள், தாங்களும் அறிவார்கள். தாங்கள் சொல்வது ஒரு திசை, நாளைக்கே செய்யும் திட்டம் அல்ல என்று அவர்களில் பலர் சொல்வார்கள். திசையென்றாலும் வழியில் இன்சுலின் போடும் ஆள் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து நேரான பதிலை நாங்கள் இன்னும் வாசிக்கவில்லை.

அவர்கள் அடிக்கடி எடுத்துவரும் ஒரு எண்ணையும் கவனமாகப் பார்க்கவேண்டும். 1960களில் மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் சான் மக்களிடம் எடுத்த அளவீட்டில், உணவு தேடும் வேலை வாரத்துக்குச் சுமார் 15 மணித்தியாலம் என்று வந்தது. மார்ஷல் சாலின்ஸ் அதை வைத்து 'முதல் செல்வச் சமூகம்' என்ற கருத்தை 1966 இல் முன்வைத்தார். ஆனால் அந்த 15 இல் சமையலும், கொட்டை உடைப்பதும், ஆயுதம் திருத்துவதும் சேரவில்லை. சேர்த்தால் 40 ஐ ஒட்டிப் போகும். எங்கள் வீடுகளிலும் ஆண்களின் வேலைக்கணக்கு இப்படித்தான் குறைவாக வரும்: குசினியை விட்டுவிட்டு எண்ணினால்.

நாகரிகத்தை எதிர்ப்பவர் எல்லோரும் ஆதிநிலைவாதிகள் அல்லர். வொல்பி லான்ட்ஸ்ரைகர் போன்றவர்கள் இழந்த சொர்க்கம் எதையும் காட்டுவதில்லை. இது ஒரு விமர்சனம், திட்டம் அல்ல என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய கூட்டம் ஒன்றை மாதிரியாக வைத்தால் அதுவும் ஒரு சட்டப்புத்தகமாகிவிடும் என்பது அவர்கள் பயம்.

1995 இல் புக்சின் கிளப்பிய பிரச்சினை என்ன?

மரே புக்சின் (1921–2006) சமூகச் சூழலியலின் ஆசான். மனிதருக்குள் இருக்கும் படிநிலைகள் ஒழியாமல் இயற்கையை ஆளும் எண்ணம் ஒழியாது என்று 1960களிலிருந்தே எழுதியவர். தொழில்நுட்பத்தை அவர் வெறுக்கவில்லை. சரியான கையில் அது மனிதரை முதுகொடிக்கும் வேலையிலிருந்து விடுவிக்கும் என்றார். 1995 இல் ஒரு சிறுநூல் போட்டு அரசின்மைவாதத்தை இரண்டாகப் பிளந்தார்: ஒரு பக்கம் சமூக அரசின்மைவாதம், மறுபக்கம் 'வாழ்க்கைப்பாணி' அரசின்மைவாதம், நடுவில் பாலம் போடமுடியாத பள்ளம்.

அவர் குற்றச்சாட்டில் சரியான பாதி உண்டு. சொந்த உணவு, சொந்த உடை, சொந்தக் கோபம் என்று சுருங்கியவர்களால் ஒரு நகரசபையைக்கூட அசைக்க முடியாது. பிழையான பாதி என்னவென்றால், தனிமனிதவாதி மாக்ஸ் ஸ்டேர்னர் வழி வந்தவர்கள், சேர்சான் போன்றோர், ஆன்மிகம் பேசுவோர் எல்லோரையும் ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டினார். அவர்களோ ஒருவரை ஒருவர் ஏற்காதவர்கள். டேவிட் வொட்சன் 1996 இலும் பொப் பிளாக் 1997 இலும் பதில் நூல் எழுதினார்கள். பிளாக்கின் பதிலில் வாதத்தைவிட நக்கல் கூட. 1999 அளவில் புக்சின் 'அரசின்மைவாதி' என்ற பெயரையே கழற்றி வைத்துவிட்டார், ஆகவே பள்ளத்தின் ஒரு கரை தானாகவே நகர்ந்தது.

தனிமனிதவாதம் எண்டால் சுயநலம்தானே? காணியை வித்திட்டுக் கனடா போறதுதானே?

இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள எரிச்சல் விளங்குகிறது. ஆனால் மாக்ஸ் ஸ்டேர்னர் 1844 இல் எழுதியது வேறு. மனிதர் தாங்களே உண்டாக்கிய எண்ணங்களைத் தங்களுக்கு மேலே தூக்கி வைத்து, அவற்றுக்கு அடிபணிகிறார்கள் என்றார். அரசு, மதம், ஒழுக்கம், தேசம், 'மனிதகுலம்' எல்லாவற்றையும் அவர் பேய் என்றார். யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க ஒரு வசனம் போதும்: "நாலுபேர் என்ன சொல்லுவினம்?" அந்த நாலுபேரை யாரும் கண்டதில்லை. ஆனால் பிள்ளையின் படிப்பு, கலியாணம், மதிலின் உயரம் வரை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

காசு சேர்ப்பதையே வாழ்க்கையாக்கியவரை ஸ்டேர்னர் புகழவில்லை. அவரும் பேய் பிடித்தவர்தான் என்பார். பேய்க்குப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. தனியாட்கள் சேர்ந்து வேலை செய்வதையும் அவர் மறுக்கவில்லை. 'தன்னலர் கூட்டு' என்று ஒன்றைச் சொன்னார்: எனக்குப் பயன்படும்வரை இருப்பேன், பயன் போனால் விலகுவேன், கூட்டு என்னை விழுங்கக்கூடாது.

பசுமைப் பக்கத்தில் இது ஒரு கூர்மையான கேள்வியை எழுப்புகிறது. 'இயற்கை' என்பதும் இன்னொரு பேய் ஆகாதா? அதன் பெயரால் ஒருவர் இன்னொருவருக்குக் கட்டளையிடலாம் அல்லவா? இந்தத் தீவிலேயே நடந்தது. மதுறு ஓயாவை 1983 இல் தேசிய பூங்காவாக்கி, அங்கே வேட்டையாடி வாழ்ந்த வேடர்களை வெளியேற்றினார்கள். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொன்னார்கள்.

தனிமனிதவாதத்தின் எல்லையும் இங்கேயே தெரியும். குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் கிடக்கும் தண்ணீர் வேலி பார்ப்பதில்லை. சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் 2019 இல் உத்தரவிட்டது. அந்தக் கிணற்றுக்காரர் மின்சாரமே பாவிக்காதவராக இருந்திருந்தாலும் அவர் கிணற்றில் எண்ணெய் மிதந்திருக்கும். நான் விலகிவிட்டேன் என்று சொல்லி விலகக்கூடிய இடம் அல்ல அது.

துலா நல்லதோ, மிசின் நல்லதோ?

இந்தச் சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீரைவிட உவர்நீர் சுமார் நாற்பதில் ஒரு பங்கு கனமானது. அதனால் நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி மேலே வரப் பார்க்கும். வெடிப்பும் குகையும் உள்ள கல்லில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஏன் கொஞ்சம் கூட இறைத்தாலே தண்ணீர் உவர்க்கிறது என்பது இதில் விளங்கும்.

இப்போது துலாவைப் பாருங்கள். ஆடுகாலில் ஏற்றிய பனந்துலா, அதில் கயிறு, கயிற்றில் தண்ணீர் அள்ளும் பட்டை. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மூன்று பேரின் மூச்சு எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். நாள் முழுவதும் மிதித்தாலும் கிணற்றைக் களைப்பாக்க முடியாது, மிதிப்பவர்தான் களைப்பார். நிலத்தடி நீருக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

நாகரிக எதிர்ப்பாளர் இங்கே கைதட்டுவார். ஆனால் துலாவின் மேல் நடந்தது யார்? பெரும்பாலும் காணிக்காரர் அல்லர். கூலிக்கு வந்தவர்கள், அவர்களில் பலர் அந்தக் கிணற்றில் தங்கள் கையால் ஒரு வாளி அள்ளிக் குடிக்க அனுமதிக்கப்படாத சாதியினர். யாராவது வந்து ஊற்றும்வரை கிணற்றடிக்கு வெளியே காத்து நின்றவர்கள். கோயிலுக்குள் போகும் உரிமைக்கே மாவிட்டபுரத்தில் 1968 இல் போராட வேண்டியிருந்த ஊர் இது. 1950களுக்குப் பிறகு தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிசின் பரவியபோது அந்த மனிதர்கள் துலாவிலிருந்து இறங்கினார்கள். இப்போது புக்சின் கைதட்டுவார். பிறகு மிசின் கிணற்றைக் களைப்பாக்கத் தொடங்கியது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கொட்டிய யூரியா நைத்திரேற்றாகத் திரும்பி அதே கிணற்றில் இறங்கியது. அப்போது இருவருமே கையைக் கட்டிக்கொண்டார்கள்.

கருவி நடுநிலையானது, பாவிப்பவர் கையில்தான் எல்லாம் என்ற வாதம் இங்கே தோற்கிறது. துலாவுக்கு ஒரு கூலிக்காரர் வேண்டும், மிசினுக்கு ஒரு எண்ணெய்க் கப்பல் வேண்டும். பழையது என்பதாலேயே விடுதலை என்ற வாதமும் தோற்கிறது. எங்கள் நிலைப்பாட்டைக் கேட்டால், ஒவ்வொரு கருவியிடமும் இரண்டு கேள்வி கேட்கிறோம்: தண்ணீருக்கு என்ன செய்கிறது, அதை இயக்குபவருக்கு என்ன செய்கிறது? ஒன்றை மட்டும் கேட்பவரோடுதான் எங்கள் சண்டை.

கரண்டும் எண்ணெயும் இல்லாமல் நாங்கள் ஏற்கனவே வாழ்ந்தனாங்கள்தானே?

வாழ்ந்தோம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம் எல்லாம் நின்றன. ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரி எரிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல். ஆனால் அது நாகரிகத்திலிருந்து விலகியது அல்ல. ஒரு அரசு எங்கள் மேல் நாகரிகத்தை ஆயுதமாகப் பாவித்தது. வெளிநாட்டு ஆதிநிலைவாதிகளின் எழுத்தை இங்கே வாசிக்கும்போது அந்த வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கூட்டத்தில் இருக்கும் வயதானவர்கள் எழுந்து போய்விடுவார்கள், நியாயமாகவே.

2021 இல் யூரியாவை நிப்பாட்டினது பசுமை இல்லையோ?

மேலிருந்து அரசு போட்ட கட்டளை அது. ஏப்ரல் கடைசியில் அறிவித்து, மே மாதம் இறக்குமதியைத் தடுத்து, நவம்பரில் பின்வாங்கினார்கள். ஏன் சரிவரவில்லை என்பது எளிய கணக்கு. 50 கிலோ யூரியா மூட்டையில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் 1.5 வீதம் என்று வைத்தால், ஒரு மூட்டைக்கு ஈடாக 1,500 கிலோவுக்கு மேல் எரு வேண்டும். அதிலும் முதற்போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மெல்ல மெல்லத்தான் விடும். பூவரசங்குழை தாழ்ப்பதும் ஆட்டுப்பட்டி அடைப்பதும் தெரிந்த எங்கள் கமக்காரருக்கு இது புதிதல்ல. ஆனால் குழைக்கு மரம் வேண்டும், மரத்துக்கு வருடங்கள் வேண்டும்.

கசின்ஸ்கி உங்கட ஆளோ?

இல்லை. தொழில்நுட்பச் சமூகத்தை எதிர்த்து, அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை குண்டு அனுப்பி 3 பேரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்தியவர். ஆதிகால வாழ்க்கை சொர்க்கம் என்ற ஆதிநிலைவாதிகளின் படத்தை அவரே மறுத்து எழுதினார்.

தமிழருக்கு ஒரு அரசும் இல்லாத நேரத்தில அரசே வேண்டாம் எண்டு எப்படிச் சொல்லுறது?

குர்திஷ்காரர் இதே இடத்தில் நின்றார்கள். தனிநாடு கேட்ட இயக்கத்தின் தலைவர் அப்துல்லா ஓஜலான், 1999 இல் பிடிபட்ட பிறகு சிறையில் புக்சினை வாசித்து, 2005 இல் அரசற்ற மக்கள் அவைகளின் கூட்டமைப்பை முன்வைத்தார். 2012 இலிருந்து வட சிரியாவில் அதைச் செய்து பார்த்தார்கள். அங்கும் படையும் கட்சியும் மேலே வந்து நிற்கும் சிக்கல் இருந்தது. ஆகவே அதை முன்மாதிரி என்று தூக்கிப்பிடிக்க மாட்டோம். கேள்வியை மாற்றிக் கேட்கலாம் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

போனைக் கையில வைச்சுக்கொண்டு நாகரிகத்தைத் திட்டுறியள்?

ஓம்.

வாதம் போதும். நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒரு கிணத்தை இப்படி நடத்தலாமோ?

நடத்தலாம். ஐந்து வீடு, 4 பரப்பு என்று சிறிதாகத் தொடங்குங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் இது கால் ஏக்கர்.

பொதுவாக முடிவெடுக்கும் விடயங்களை மூன்றோடு நிறுத்துங்கள்: எவ்வளவு நேரம் இறைப்பது, எண்ணெய்க் காசு, கிணற்றுக்கு அருகில் எதை விசிறலாம். தன் பாத்தியில் கத்தரியா கீரையா என்பது அவரவர் பாடு. எல்லாவற்றையும் கூட்டமாகத் தீர்மானிக்க வெளிக்கிட்ட குழுக்கள் மூன்றாம் கூட்டத்திலேயே உடையும்.

அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றால் மூன்று தரம் அளவுங்கள்: இறைக்க முன், நிறுத்தியவுடன், அடுத்த நாள் காலை. காலையில் பழைய மட்டத்துக்கு வராவிட்டால் இறைக்கும் நேரத்தைக் குறையுங்கள். பேனை அளவான கடத்துதிறன் மானி ஒன்று வாங்கினால் உவரையும் பார்க்கலாம். அதில் சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன் தாண்டினால் வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும். நைத்திரேற்றுக்கு ஆய்வுகூடம்தான் வழி. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும்.

கோபதாபம் இல்லாத முதல் நாளிலேயே விலகும் விதியை எழுதி வையுங்கள். விலகுபவருக்கு மிசினில் அவர் போட்ட காசின் அன்றைய பெறுமதி திரும்பும், இறைப்பு முறை திரும்பாது. ஸ்டேர்னர் சொன்ன கூட்டுக்கும் பழைய பங்குக் கிணற்றுக்கும் இங்கேதான் வித்தியாசம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி பங்காளி தன் பங்கை விற்பதென்றால் முதலில் மற்றப் பங்காளிகளிடம் கேட்கவேண்டும். பிறந்தபடியே உள்ளே இருப்பவருக்கு வெளியே போகும் கதவு ஒடுக்கம்.

பிழைக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய்க் கான் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் மெல்ல முதலாளி ஆவார். மாதாமாதம் வீடு மாற்றுங்கள். தண்ணீர் மாறுவது பெண்கள், கூட்டத்துக்கு வருவது ஆண்கள் என்றாகும். கையில் மண்வெட்டி பிடிப்பவருக்கே பேச்சுரிமை என்று வைத்தால் அது நேராகும். கடைசியாக, காணி உறுதியில் பெயருள்ள பங்காளிகளில் ஒருவராவது லண்டனில் இருப்பார். நீங்கள் கிணற்றைத் திருத்தி முடித்த கிழமைதான் போன் எடுப்பார். அவர் சம்மதத்தை மண்ணைக் கிளற முன்னரே கடிதமாக, கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.